முதலில் ஏறுகிற பிள்ளை

ஸ்கூல் வேன் ஓட்டுகிற என் பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பீப்பீ தாத்தா'. வேனின் ஹாரன் செத்து ரொம்ப நாளாயிற்று. முதலாளி மாற்றித் தருகிற வழியாய் இல்லை. அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாயாலேயே 'பீப்பீ' என்பார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து திறக்கும்!

முதலில் ஏறுகிறவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி. கொடுமை என்னவென்றால், அவள் வீடு பள்ளிக்கு ரொம்பப் பக்கம். வேன் ஷெட்டும் அங்கேதான். அதனால் இருட்டோடு அவளை ஏற்றிக்கொண்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அவள் வீட்டு எதிர்ச்சாரி வழியாகவே வேன் பள்ளிக்குத் திரும்பும். நடக்கலாம் என்றால் நடுவில் லாரி பறக்கிற சாலை. அப்பாவுக்கு வெளியூர் வேலை. அம்மா இடுப்பில் கைக்குழந்தை.

அந்த நேரத்தில் தொண்டையில் எது இறங்கும்? வெறும் வயிற்றோடு ஏறிச் சுருண்டுகொள்வாள். வேனில் சாப்பிடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. யாரோ ஒரு பையன் வாந்தி எடுத்த கோபத்தில் ஒட்டியவர் பெரியப்பாவேதான். வகுப்பில் அவளுக்குப் பெயர் 'கொட்டாவி'. இப்படியே கவனமில்லாமல் இருந்தால், பரீட்சைக்குப் பிறகு பின்தங்கியவர்கள் செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவோம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

பெரியப்பா அவளைக் கடைசியாக ஏற்ற ஆரம்பித்தார். எதிர்ச்சாரியில் வேனை நிறுத்தி, தானே சாலையைத் தாண்டிப் போய்க் கைபிடித்துக் கூட்டிவருவார். மறந்துவிட்டுப் போய்விடுவாரோ என்று அவள் அம்மாவுக்குப் பயம்.

"உம் பொண்ண விட்டுட்டுப் போனா, என்னையத்தாம்மா மூணாங்கிளாஸ்ல உக்கார வைப்பாங்க."

அவள் நன்றாகத் தூங்கி எழுந்தாள். சாப்பிட்டாள். வேன் வரும்வரை வாசலில் கயிறு தாண்டி வியர்த்து நின்றாள். சாப்பாடா, தூக்கமா, குதித்ததா, எது வேலை செய்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் வகுப்பில் முதலில் தூக்குகிற கை அவளுடையதானது. வேனிலும் பெரியப்பாவை விடவில்லை.

"தாத்தா, பதினேழும் ஒம்பதும் எத்தன?"

"ஓட்டுறப்ப கணக்குக் கேக்காத மேடம். ரெண்டும் இடிச்சுக்கும்."

பிறகு ஒரு நாள், அந்த வேனில் வருகிற ஒரு பையனின் அப்பா பைக்கில் போகும்போது, வேன் நிறையப் பிள்ளைகளும் காலியான டிரைவர் சீட்டுமாக நின்ற வண்டியைப் பார்த்துப் படம் பிடித்துவிட்டார். முதலாளி கூப்பிட்டு, ஒரு பிள்ளைக்காக மொத்தப் பிள்ளைகளையும் ரோட்டில் நிறுத்துவீர்களா என்று கேட்டார். பெரியப்பா, கூட்டிவர ஓர் ஆள் போட்டுத் தரச் சொன்னார். ஹாரனே வாங்கித் தராதவரிடம்!

வீட்டுக்கு வந்து சொன்னார்: "மொதலாளி கேட்டதும் சரிதானே. எம் பேரன் அதுல இருந்திருந்தா நானே சண்டைக்குப் போயிருப்பேன்."

மறுபடியும் முதல் ஸ்டாப். ஒட்டியிருந்த எச்சரிக்கையைக் கிழித்துப் போட்டார். அம்மா வாழைப்பழம் கொடுத்தனுப்பினாள். பாதி உரித்தது கையிலேயே இருக்க, அவள் தூங்கிவிடுவாள். பரீட்சையிலும் தூங்கினாள். செக்‌ஷன் மாற்றிவிட்டார்கள்.

இப்போது அவள் வாசலில் மட்டும் பீப்பீ இல்லை. இறங்கிப் போய் மெதுவாகக் கதவைத் தட்டுகிறார். ஊர் சுற்றிப் பள்ளி வந்ததும் தோளைத் தொடுகிறார். கண் திறக்காமலே கேட்கிறாள்.

"வீடு வந்துருச்சா தாத்தா?"

அவர் பையை மாட்டிவிட்டு, புது வகுப்பு இருக்கிற பக்கமாக அவளைத் திருப்பிவிடுகிறார்.