ஐந்தாவது கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரையும் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இது நடந்தது. என் கண் முன்னால், பட்டப்பகலில், கம்ப்யூட்டர் லேப்பில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வருகிறது.

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தை நான் இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் முறை என் டீம் ஆட்கள் எங்கேயோ விலைக்கு வாங்கிய ப்ராஜெக்டைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். யார் காதில் வாங்கினார்கள்? மொத்த டீமும் ஃபெயில். என்னைப் படிக்க வைப்பது அக்கா. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என்னால முடியாதுடி" என்று சொல்லிவிட்டாள். மறுபடி மாட்டினால் கல்லூரியிலும் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

இந்த முறை டீமைப் பாடம் எடுக்கும் மேடமே பிரித்தார். கூட்டாளிகள் ஒரே டீமில் சேரக் கூடாதாம். எனக்கு வந்து வாய்த்த மூன்று பேரைக் கேளுங்கள். ஒருவன் தன்னைத்தானே தலைவர் ஆக்கிக்கொண்டவன். இன்னொருவன் தலையாட்டி. எதைச் சொன்னாலும் சரி சரி என்பான். மூன்றாமவன் இயர்போன். அது இல்லாமல் அவன் காதை யாரும் பார்த்ததில்லை.

என்ன ப்ராஜெக்ட் என்று முடிவு செய்ய மேடம் ஒரு விதி வைத்திருந்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும். டீமில் இல்லாத ஒருவர் எண்ண வேண்டும். எங்களுக்கு எண்ண வந்தவர் லேப் அண்ணன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர், பல வருஷமாக இருப்பவர்.

தலைவர் ஒரு பென் டிரைவை மேசையில் போட்டான்.

"நூலக ப்ராஜெக்ட். ரெடிமேட். சீனியர் ஒருத்தர்கிட்ட வாங்கினேன். பேரை மாத்தினா போதும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தமாகச் செய்யலாம் என்றேன்.

"ஃபெயிலானவங்க, நாங்க சொல்றதக் கேட்டுக்கணும்" என்று சிரித்தான். தலையாட்டியும் சிரித்தான்.

மணி நாலே கால். கண்ணை மூடினோம்.

"வாங்கினதையே குடுக்கலாம்னு சொல்றவங்க..." லேப் அண்ணன் எண்ணினார். "மூணு."

"சொந்தமா பண்ணலாம்னு..."

நான் கை தூக்கினேன். 

"ரெண்டு."

கண்ணைத் திறந்தோம். "அண்ணே, நாங்க நாலு பேர்தான்" என்றான் தலைவர். லேப் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

மறுபடி எண்ணினார். மூணு. ரெண்டு.

"எவன்டா ரெண்டு பக்கமும் தூக்கறது?" என்று தலைவர் மேசையைத் தட்டினான். "இதான் கடைசி."

மூன்றாவது முறை கண்ணை மூடினேன். என் வலது பக்கத்தில் காலி நாற்காலி. அது...

கிரீச்.

யாரோ எழுந்திருக்கிற சத்தம். சட்டைத் துணி உரசுகிற சத்தம். அது என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு போனது...

"வாங்கினதையே குடுக்கலாம்னு..."

"ரெண்டு" என்றார் லேப் அண்ணன்.

"நான் தூக்கறேன்ல?" என்றான் தலைவர்.

"இல்ல தம்பி. உன் கை மேசை மேலதான் இருக்கு."

"தூக்க... முடியல."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

அவன் வலது கை மேசையோடு ஒட்டிக் கிடந்தது. மணிக்கட்டில் தோல் பள்ளம் பள்ளமாக அமுங்கியிருந்தது.

விரல் விரலாக.

பிடித்திருந்த விரல்கள் மட்டும் இல்லை.

"வேணாம்... சொந்தமாவே பண்ணலாம்..." அழுதான்.

பள்ளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன...

மூன்று பேரும் பையைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். ப்ராஜெக்டை நாங்கள் சொந்தமாகவே செய்தோம், நான் பாஸும் ஆனேன். ஆனால் அன்றைக்கு நான் உடனே போகவில்லை. லேப்பைப் பூட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் என்ன விளையாட்டு இது என்று சண்டைக்கு நின்றேன்.

"அந்த நூலக ப்ராஜெக்ட், இங்க படிச்ச ஒரு பையன் பண்ணதும்மா" என்றார். "மத்த மூணு பேரும் ஊர் சுத்தினானுங்க. அவன் தட்டிக் கேட்டான். உடனே அவன் பேரையே டீம்லேர்ந்து எடுக்கணும்னு ஓட்டு வச்சானுங்க. இதே மேசையில. நாலு பேரும் சம்மதிச்சாதான் எடுக்க முடியும்."

"எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. மறுநாள் அவன் உயிரோட இல்ல."

"அவன் எப்படிண்ணே சம்மதிச்சான்?"

அண்ணன் சாவியைப் பூட்டிலிருந்து உருவினார்.

"சம்மதிக்கல. வேணாம்னு கை தூக்கினான். எண்ணினது நான்தான். அவனுங்க கெஞ்சினானுங்க... நாலு பேருக்கும் சம்மதம்னு சொல்லிட்டேன்."

கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். "நீங்கல்லாம் மனுஷனா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கதவுக் கண்ணாடி வழியாக, அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கைய இறக்கலம்மா."