ஷாஹினா அழுத்திய ஸ்டாப் பட்டன்

போன ஞாயிறு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் கவுன்ட்டர். "பைய இங்க குடுங்க சார்" என்றது ஒரு தெரிந்த குரல். நிமிர்ந்தால்... ஷாஹினா!

ஓடிவிடலாமா என்று இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள்தான் நான் உங்கள் பத்தி எழுத்தாளன். மற்ற நாட்களில் மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். ஹோட்டல்களில் தட்டு சுமக்கும் ரோபோ எங்கள் தயாரிப்பு. டேப்லெட்டில் ஒரு வெப் பேஜ் திறக்கும், அதில் மூன்று பட்டன்கள் - போ, திரும்பு, ஸ்டாப். அடையாறு ஹோட்டல் ஒன்றில் அதை இயக்கியவர் ஷாஹினா.

நடப்பதெல்லாம் லாக் ஃபைலில் பதிவாகும். யார் எந்த பட்டனை அழுத்தினார்கள் என்பது ஒரு ஃபைலிலும், சக்கரம் எப்படி ஓடுகிறது என்பது இன்னொன்றிலும் இருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? எல்லாவற்றையும் ஒன்றிலேயே கொட்டினேன். "ஒரே இடத்துல இருந்தா தேட ஈஸி" என்று டீ குடித்துக்கொண்டே தீர்ப்பு வேறு! சக்கரம் நொடிக்குப் பலமுறை எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். ஃபைல் நிரம்பினால் பழைய வரிகள் தானாக அழியும்.

ஒரு மதியம் ரோபோ நிற்காமல் போய் மேஜையில் மோதியது. கொதிக்கிற சாம்பார் ஒரு பெரியவர் காலில்.

"நான் ஸ்டாப்பத்தான் அமுக்குனேன் சார். ரெண்டு வாட்டி அமுக்குனேன். அது பாட்டுக்குப் போய்க்கினே கீது" என்று போனில் அழுதார் ஷாஹினா.

மறுநாள் ஹோட்டல் மேனேஜர் கேட்டார். "அந்தப் பொண்ணு ஸ்டாப் அமுக்குனது லாக்ல இருக்கா, இல்லையா?"

"இல்லை" என்றேன்.

உண்மைதான். அந்த மதியத்தின் ஒரு வரிகூட ஃபைலில் இல்லை. எல்லாம் அழிந்துபோயிருந்தது. அதைச் சொன்னால், 'யாருய்யா இப்படிப் பண்ணது' என்று அடுத்த கேள்வி வருமே? வாயை மூடிக்கொண்டேன். அன்றே ஷாஹினாவுக்கு வேலை போனது.

பிறகு ஃபைலை இரண்டாகப் பிரித்தேன். எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஒரு சாப்பாட்டு இடைவேளை! சில நாட்களில் ரோபோ மறுபடி அதே மாதிரி ஓடியது. பட்டன் ஃபைலில் ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப் என்று பளிச்சென இருந்தது. சக்கரம் சட்டையே செய்யவில்லை. கோளாறு எங்கள் ரோபோவில்.

பதிவு இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதுவும் டேப்லெட் பிடிக்கிறவர் விஷயத்தில் மட்டும். ஃபைல் எழுதுகிறவனை யார் கேட்கிறார்கள்?

கவுன்ட்டரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஷாஹினா திட்டவில்லை.

"இத அந்த மேனேஜராண்ட சொல்ட்டீங்களா சார்?"

"இந்த வாரம் சொல்லிடறேம்மா."

"சொல்லுங்க சார். எங்க வூட்லயே நான் அமுக்கலன்னுதான் நெனைச்சுக்கினு கீறாங்க."

வாரம் முடிந்துவிட்டது. உங்களிடம் சொல்லிவிட்டேன். அந்த மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை.