வதனி உள்ளே சோதினை, நான் வெளியே போன் காவல்

இன்று காலை தொடக்கம் ஒரு ஹோட்டல் லொபியில், அடுத்த ஆளின் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

(களவெடுக்கவில்லை. அவசரப்படாதேங்கோ.)

உள்ளே மண்டபத்தில் கணக்காளர் லைசன்ஸ் சோதினை. எழுதுவது வதனி. டோர்செட் பார்க்கில் எங்கள் பில்டிங்கில் இருக்கிற பிள்ளை, பகலில் ஒரு கொம்பனியில் எக்கவுண்டிங் கிளார்க். இது அவளுக்குக் கடைசி வாய்ப்பு. இதிலும் தவறினால் பிறகு எழுத விடமாட்டார்கள்.

அந்தச் சோதினையை நானும் ஒரு காலத்தில் எழுதினவன்தான். என் படிப்பு முறை நல்ல கலர்புல். முக்கியமான வரிக்கு மஞ்சள், மிக முக்கியமானதுக்குப் பச்சை, விளங்காததுக்கு ரோஸ். கடைசியில் புத்தகம் முழுக்க ரோஸ்.

(பெறுபேறு வந்த அன்று என் மனிசி அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு" என்றாள்.)

வதனியின் முறை வேறு. பழைய கேள்வித்தாளை எடுப்பாள், மணிக்கூட்டை முன்னால் வைப்பாள், புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவாள். பிறகு சிவப்புப் பேனையால் தன்னைத் தானே திருத்துவாள், இரக்கமே இல்லாமல். பிழை விட்ட இடத்தை எனக்குத் தமிழில் விளங்கப்படுத்துவாள்.

"உங்களுக்கு விளங்கினா ஆருக்கும் விளங்கும் அண்ணை."

(பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.)

பங்குனி மாதம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காய்ப் போனது. அதற்குப் பிறகு இலங்கையில், ஊரில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவளுடைய தம்பி நிமலன் சண்டை நடந்த வன்னிக்குள். அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சண்டை முடிந்து வவுனியா முகாமுக்குப் போன சனத்துக்குள் அவன் இருக்கிறானா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

பிள்ளை ஒரு வரி வாசிப்பாள், போனைப் பார்ப்பாள். அடுத்த வரி, திரும்பவும் போன். நிப்பாட்டி வைக்கவும் ஏலாது. அவன் கோல் எடுத்தால்?

மனிசிதான் வழி சொன்னாள்.

"இஞ்சருங்கோ, மற்ற ஆக்களின்ர போனெண்டா உங்களுக்கு விருப்பம்தானே. போய் வச்சுக்கொண்டு இருங்கோவன்."

அப்படித்தான் என் உத்தியோகம் தொடங்கியது. லைப்ரரியில் கண்ணாடி அறைக்குள் அவள். வெளியே கதிரையில் நான், அவளுடைய போனோடு. நிமிர்ந்தால் என் மூஞ்சை தெரியும். நான் கொட்டாவி விட்டால் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். அவள் குனிந்து அடுத்த கணக்கைத் தொடங்குவாள்.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே இருக்க ஒரு ஆளைத் தேடுங்கோ. ஹைலைட்டரை விட உதவும்.

சரி, இன்றைக்கு வருவோம். (வதனியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.)

உள்ளே போகமுன் கேட்டேன், "பிள்ளை, தம்பி எடுத்தா என்ன செய்யிறது? உள்ள வந்து சொல்லவோ?"

"விடமாட்டினம் அண்ணை. விட்டாலும் வராதேங்கோ. எழும்பி வந்தனெண்டா திரும்பிப் போய் எழுதமாட்டன். நீங்களே கதையுங்கோ."

சோதினை பாதி தாண்டியிருக்கும். போன் ஒரு தரம் அடித்து நின்றது. இலங்கை நம்பர். மிஸ்ட் கோல்.

திருப்பி எடுக்கத்தான் பொக்கற்றில் கோலிங் காட், இலங்கைக்குக் கதைக்கக் காசு கட்டி வாங்குகிற அட்டை, வைத்திருந்தேன். ஆனால் மூக்குக்கண்ணாடி காரில். அட்டையின் ரகசிய நம்பர் முதல் தரம் பிழை. அடுத்த தரமும் பிழை. மெஷின் மனுசி நல்ல மரியாதையாக என்னை ஏசினாள். இன்னொரு தரம் அடித்தேன். லைன் போனது.

"அக்கா?"

"அக்கா இல்லைத் தம்பி. நான் அவவின்ர பில்டிங்கில இருக்கிற அண்ணை. அவ சோதினை எழுதுறா. நீர் ஆர்?"

"நிமலன். முகாமில இருந்து."

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவன் கேட்டான்.

"அந்தக் கணக்குச் சோதினையோ அண்ணை? இன்னும் எழுதுறாவோ?"

சிரித்தான். முகாமுக்குள் நின்று, யாருடையதோ போனில், அந்தப் பெடியன் சிரித்தான்.

"கூப்பிடட்டோ தம்பி? கதவை உடைச்செண்டாலும்..."

"வேண்டாம், வேண்டாம். முடிச்சுப்போட்டு வரட்டும். நான் இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. நாளைக்கும் இதே நேரம் இந்தப் போன் கிடைக்கும்."

"தம்பி, நான் பகிடிக்காரன். நான் சொன்னா அவ நம்பவேணுமே. ஏதும் அடையாளம் சொல்லும்."

"கால்குலேட்டரில ஒரு கணக்கை மூண்டு தரம் அடிச்சுப் பார்ப்பா அண்ணை. ரெண்டு தரம் காணும், மூண்டாம் தரம் தேவையில்லை எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ."

லைன் அறுந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சோதினை. பில்டிங்கில் யார் வீட்டுக்குப் புதுச் சோபா வந்தாலும், அது லிஃப்டில் ஏறமுன் சனத்துக்குச் சொல்லிவிடுகிற ஆள் நான். அந்த நேரம் பார்த்து மனிசி என் போனுக்கு எடுத்தாள்.

"என்னப்பா புதினம்?"

"ஒண்டுமில்லை."

"உங்களுக்கு உடம்பு சரியில்லையோ?"

முதலில் கேட்கவேண்டியவள் உள்ளே இருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு லொபியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. "கடைசிக் கேள்விக்கு நேரம் காணேல்லை அண்ணை" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏன் கதைக்காம நிக்கிறியள்?"

"கால்குலேட்டரில ரெண்டு தரம் அடிச்சாக் காணுமாம்."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள். கூட எழுதிய ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஓடிவந்து டிஷ்யூ நீட்டி, எல்லாருக்கும் பேப்பர் கஷ்டம்தான், கவலைப்படாதே என்று இங்கிலீஷில் ஆறுதல் சொன்னது.

வதனி அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டாள், "சாப்பிட்டவனாமோ?"

நான் கேட்கவில்லை. தெருவில் காண்கிறவர்களை எல்லாம் இன்றைக்கு என்ன கறி என்று விசாரிக்கிற நான், அவனிடம் அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

நாளைக்கு அவளே கேட்பாள்.

வவுனியாவுக்கு இடையில் அறாமல் லைன் கிடைக்கிற கோலிங் காட் எது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ. இன்றைக்கே வாங்கவேணும்.