ஐந்தாவது விமானம்

"ஊரில சண்டை நேரம் பிளேன் சத்தம் கேட்டாலே பங்கருக்குள்ள பாஞ்ச சனம் நாங்கள். நீ போய் அதை ஓட்டினவனைப் பற்றி எழுதப் போறியோ? உன்ர எழுத்தை வெள்ளைக்காரன் வாசிப்பானோ?" என்று அம்மா கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிரோடு, "வாசிக்கத்தான் வேணும்" என்றேன்.

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. முதலாம் உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டிய ஒருவரின் பறப்புக் குறிப்பேட்டைப் படித்து, கண்ணாடிப் பெட்டிக்கு விளக்க அட்டை எழுத வேண்டும். மேலாளருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம்.

குறைந்தது ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியவரை 'ஏஸ்' என்பார்கள். விமானி சொன்னால் போதாது. கண்டவர் சாட்சி சொல்ல வேண்டும். இவருடைய ஐந்துக்கும் சாட்சி இருந்தது. ஐந்தாவதை உறுதிசெய்தவர்கள் கீழே அகழியில் கிடந்த சிப்பாய்கள்.

அந்தப் பக்கத்தின் பின்புறம் பென்சிலால் சில வரிகள் இருந்தன. எதிரி விமானம் நேராகப் பறந்துகொண்டிருந்தது. இவர் நெருங்கியும் அது விலகவில்லை. அதன் விமானி தலையைச் சாய்த்து இவரையே பார்த்தபடி இருந்தான். இவர் கையசைத்தார். அவன் கண் இமைக்கவில்லை. எப்போதோ செத்துப்போயிருந்தான். பெட்ரோல் தீர்ந்து அது விழும்வரை இவர் கூடவே பறந்தார். 'நான் சுடவில்லை' என்பது கடைசி வரி.

மேலாளரிடம் காட்டினேன். கண்காட்சிப் பலகையில் 'ஏஸ்' என்று ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம். பென்சில் எழுத்தை விட்டுவிடச் சொன்னார்.

அன்று மாலை வீடு திரும்ப, பிளேஸ்டோ போகும் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தேன். பக்கத்தில் இன்னொரு பஸ் ஒட்டி வந்தது. கண்ணாடியில் தலை சாய்த்திருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிறுத்தங்கள். என் கை தானாக உயர்ந்து அசைந்தது. அவர் அசையவில்லை. அந்த பஸ் திரும்பிப் போய்விட்டது.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"செத்தவனுக்கோ அந்தப் பிளேன்காரன் கை காட்டினவன்? நல்லகாலம், அவன் திருப்பிக் காட்டேல்லை" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "அப்ப நீ என்ன எழுதப் போறாய்? அஞ்சோ, நாலோ?"

"நாலு."

"வேலை போகுமடி."

"ஓம்."

மறுநாள் காலை மேலாளர் வருவதற்கு முன்பே, பென்சில் பக்கம் தெரியும்படி குறிப்பேட்டை விரித்துப் பெட்டியில் வைத்தேன். 'நான்கு விமானங்களை வீழ்த்தியவர்' என்று தொடங்கும் அட்டையை, அடியில் என் பெயரோடு, மேலாளருக்கு அனுப்பியும்விட்டேன்.