வெற்றிலைமேல் வந்த கூப்பன்

“...நாலே நாலு பேருங்க மாமா, அதுக்கு மேல யாரையும் புடிக்க வேண்டியதில்லீங்க” என்றபடி என் மனைவியின் தம்பி வெற்றிலையை நீட்டினான். இலைமேல் ஒரு பச்சைக் கூப்பன் இருந்தது.

அறுபதுகளில் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு வந்த ஒரு ஆள் தொடங்கி வைத்த திட்டம் அது. கூப்பனைக் காசு கொடுத்து வாங்கி, அதேபோல நாலு பேருக்கு விற்க வேண்டும். அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரைப் பிடித்தால் நமக்குக் கைக்கடிகாரம் வரும். எங்கள் மலையில் உறவுக்காரர் நீட்டும் வெற்றிலையை மறுத்தால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். பிறந்த வீட்டு வெற்றிலையைப் பெண்கள் தள்ளவே மாட்டார்கள். வெற்றிலைமேல் வைத்துக் கொடுக்கச் சொன்னதும் அந்த ஆள்தானாம். எனக்கு அதுதான் உறுத்தியது.

“உன்னோட நாலு பேரும் கடிகாரம் கட்டிட்டாங்களா மாப்ள?”

“அவிங்களுக்கு இன்னும் ஆளு கெடைக்கலீங்க மாமா.”

“எப்படிக் கெடைக்கும்? மலையில எல்லாரு கையிலயும் இந்தப் பச்சக் காயிதந்தான் இருக்குது. இனிக் கொரங்குக்குத்தான் விக்கோணும்.”

அவன் சிரிக்கவில்லை. அவனிடம் கூப்பன் வாங்கிய அவனுடைய பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அவனைக் கண்டால் வேறு தடத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

“இத வாங்குனா நாளைக்கு நானும் அப்படித்தான் போவேன். எடுத்துட்டுப் போ கண்ணு” என்றேன்.

அவன் வாடிய இலையைத் துண்டில் துடைத்தான். கூப்பனை மறுபடி அதன்மேல் வைத்துக்கொண்டு, “அக்கா” என்று கூப்பிட்டபடி, கொல்லையில் சாமை குத்திக்கொண்டிருந்த என் மனைவியிடம் போனான்.