ஒட்டுசுட்டான் காட்டுக்குச் சரித்திரம் படிக்கப் போனோம்

சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. கிளிநொச்சிச் சந்தியில் பதினொரு பிள்ளைகளோடு மாங்குளம் பஸ்ஸுக்காக நின்றேன். ஆவணி மாதப் புழுதி அந்த நேரத்திலேயே கிளம்பியிருந்தது. பிள்ளைகள் கையில் இடியப்பப் பொட்டலம். என் பையில் இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு நாடா அளவுகோல், மூன்று இரவுகள் உட்கார்ந்து தயாரித்த ஒரு விரிவுரை.

ஏன் இந்த அவசரப் பயணம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டு, சிரேஷ்ட மேல்வகுப்பில் சரித்திரம் எடுக்க ஒரு பிள்ளையும் பெயர் கொடுக்கவில்லை என்றார். "திங்கட்கிழமை நேரசூசி எழுதவேணும் ரீச்சர். ஆரும் இல்லையெண்டால் அந்தப் பாடநேரத்தை விவசாயத்துக்குக் குடுத்திடுவன்." கோபம் வந்தது. அவரிடம் காட்ட முடியாத கோபம். சுற்றுவட்டாரத்தில் சிரேஷ்ட வகுப்பு உள்ள பள்ளிக்கூடம் எங்களுடையது ஒன்றுதான். இங்கே சரித்திரம் நின்றால் காடு வெட்டி உண்டாக்கிய இந்தக் குடியேற்றத்துப் பிள்ளைகள் எவருக்கும் அது கிடையாது. "திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கோ சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வகுப்பில் கேட்டபோது தவராசாதான் எழுந்து பதில் சொன்னான். வாட்டசாட்டமான பொடியன், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவன். "எங்களுக்கு என்ன சரித்திரம் ரீச்சர்? ஐயா யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து காடு வெட்டினவர். அதுக்கு முன்னம் இஞ்ச ஒண்டுமில்லை." வகுப்பு முழுவதும் தலையாட்டியது. அந்தத் தலையாட்டல்தான் என்னைப் பஸ்ஸில் ஏற்றியது.

மாங்குளத்துக்குப் பதினேழு மைல். அங்கே முக்கால் மணி நேரம் காத்திருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினோம். கொண்டக்டர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன ரீச்சர், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கோ? அது வைகாசியோட முடிஞ்சுதே."

"இல்லை, ஒரு குளம் பாக்கப் போறம்."

"இரணைமடுக் குளத்தை வீட்டுக்குப் பின்னால வைச்சுக்கொண்டு இஞ்ச குளம் பாக்க வாறியளோ?"

"அது தண்ணி உள்ள குளம். நாங்கள் பாக்கப்போறது தண்ணி இல்லாத குளம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ரிக்கற் கிழித்தார். பிள்ளைகளுக்கு அரை ரிக்கற்றா முழு ரிக்கற்றா என்று அதன்பிறகு ஒரு சண்டை பிடித்தோம். நான்தான் வென்றேன்.

ஒன்பதரை மணிக்கு ஒட்டுசுட்டான். பஸ் நிற்கும் இடத்தில் ஹனீபா நானா என்பவரின் தேநீர்க்கடை. கடை வாசல் மர வாங்கில் நெருக்கி உட்கார்ந்து, கருப்பட்டி கடித்துக்கொண்டு எல்லோரும் பிளேன்ரீ குடித்தோம். நாங்கள் போகும் இடத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "ரெண்டு மைலுக்கு மேல காட்டுப்பாதை. ஆனை நிக்குது. முந்தநாள் இராத்திரியும் ஒரு வாழைத்தோட்டத்தை முடிச்சிட்டுப் போச்சு. நாலு மணிக்கு முன்னம் இந்த வாங்கில வந்து இருந்திடவேணும், சொல்லிப்போட்டன்." பிறகு என்ன நினைத்தாரோ, விற்பனைக்குத் தொங்கிய தும்புக்கயிற்றில் ஒரு சுருள் எடுத்துத் தவராசாவின் தோளில் போட்டார். "காட்டுக்குப் போற ஆக்கள் கயிறு இல்லாமல் போகக்கூடாது. திருப்பிக் கொண்டுவாங்கோ."

பாலையும் வீரையுமாக மரங்கள் நெருங்கிய பாதை. ஆனை இலத்தி கண்ட இடத்திலெல்லாம் பெண்பிள்ளைகள் மூவரும் என் முதுகோடு ஒட்டிக்கொண்டார்கள். பொடியள் அவர்களைக் கேலி செய்தார்கள். ஆனால் அவர்களும் அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன். எனக்கும் பயம்தான். வெளியே காட்டினால் சரித்திரம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்று முன்னால் நடந்தேன்.

அந்த இடத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த நில அளவையாளர், என்னைப் போலவே யாழ்ப்பாணத்தவர். காட்டுக்குள் உடைந்த குளம், அதன் ஓரத்தில் கல்லால் கட்டிய பழைய கிணறு என்று சொல்லி, வழியையும் கீறித் தந்திருந்தார். பதினொரு மணியளவில் மரங்கள் முளைத்த ஒரு மண் மேட்டில் ஏறினோம். நீண்டு நெளிந்து போன அந்த மேடுதான் குளக்கட்டு என்று புரியச் சற்று நேரம் எடுத்தது. உட்புறச் சரிவில், பற்றைக்குள், கிணறு.

சதுரமான குழி. நான்கு பக்கமும் செதுக்கிய கருங்கல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. ஒன்றரை ஆள் ஆழத்துக்குக் கீழே மண் மூடிக் கிடந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்து "கிணறு, கிணறு" என்றார்கள். யாழ்ப்பாணத்து எங்கள் ஆட்களுக்குக் கிணறு இரத்தத்தில் ஊறியது. குடியேற்றத்தில் காணி கிடைத்ததும் வீடு கட்டும் முன்னரே கிணறு வெட்டியவர்கள். வாசலில் வாய்க்கால் ஓடினாலும் கிணற்றுத் தண்ணீர்தான் தண்ணீர். நான் கல்லின்மேல் ஏறி நின்று விரிவுரையைத் தொடங்கினேன். இங்கே ஓர் ஊர் இருந்தது, ஊரவர் குடிக்க ஓர் அரசன் இந்தக் கிணற்றை வெட்டுவித்தான், பெண்கள் குடத்தோடு வந்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ரீச்சர்" என்றாள் பத்மாவதி. வகுப்பில் ஆகக் குறைவாகப் பேசும் பிள்ளை. "கயிறு உரஞ்சின அடையாளம் ஒண்டும் இல்லையே. எங்கட ஊர்க் கிணத்துக் கட்டில விரல் வைக்கிற அளவுக்குப் பள்ளம் கிடக்கு."

"இருக்கும். வடிவாப் பார்."

பார்த்தோம். நான்கு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தோம். விளிம்புக் கற்கள் கூர் மழுங்காமல் இருந்தன. இன்னொரு பொடியன் கேட்டான், மாரியில் குளம் நிரம்பினால் இந்தக் கிணறு தண்ணீருக்குள் மூழ்கிப்போகாதா என்று. மூன்று இரவு தயாரித்த விரிவுரை என் கண் முன்னாலேயே சரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் பதினொரு முகமும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தன. வகுப்பில் ஒருநாளும் காணாத முகங்கள் அவை.

"அப்ப இது என்ன?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

தடியால் தட்டிப் பாம்பு இல்லையென்று நிச்சயம் பண்ணிய பிறகு, நானாவின் கயிற்றைப் பாலை மரத்தில் கட்டித் தவராசாவை இறக்கினோம். கீழே கொஞ்ச நேரம் மண் கிண்டும் சத்தம். பிறகு அவன் குரல் வந்தது. "ரீச்சர், குளத்துப் பக்கம் ஒரு வாய் இருக்கு. எதிர்ப்பக்கமும் ஒண்டு இருக்கு. இது கிணறில்லை, துருசு. குளத்துத் தண்ணியை வயலுக்கு விடுற துருசு."

"சொன்னாப் போதாது. காட்டு" என்றேன்.

"காட்டுறன்" என்று ரோசத்தோடு ஏறி வந்தான். கட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கி, குழிக்கு நேரே எங்கே வரவேண்டும் என்று அளவுநாடாவால் கணக்குப் பார்த்தார்கள். தடியாலும் கையாலும் கிண்டினார்கள். முதல் இடம் பிழைத்தது. இரண்டாவது இடத்தில் பத்மாவதியின் தடி கல்லில் மோதியது. மண்ணை வழித்தபோது, இரண்டு பக்கமும் கல் நிறுத்தி மேலே பலகைக்கல் மூடிய வாய்க்கால் வாய் தெரிந்தது. அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் காடு. ஒருகாலம் வயலாக இருந்த காடு.

தவராசா அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எங்களுக்கு முன்னமும் ஆரோ காடு வெட்டியிருக்கினம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஆர் ரீச்சர் கட்டினது?"

வாயில் ஒரு அரசன் பெயர் வந்து நின்றது. காலையில் ஒரு பொய்க் கிணறு வெட்டியது போதும் என்று விழுங்கிவிட்டேன். "தெரியாது" என்றேன்.

"தெரியாதெண்டு விட்டிட்டுப் போறதோ?"

"நேரம் ரெண்டரை. இப்ப விட்டிட்டுத்தான் போகவேணும். ஆனை வரும்."

திரும்பும் வழியில் ஒருவரும் ஆனையை நினைக்கவில்லை. யார் கட்டினார்கள், ஏன் விட்டுப் போனார்கள், கட்டு உடைந்து போனார்களா, போனபின் உடைந்ததா என்று ஒரே வாக்குவாதம். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நானாவின் வாங்கில் இருந்தோம். கயிற்றைத் திருப்பிக் கொடுத்தபோது, "கிணறு கண்டனீங்களோ?" என்று கேட்டார். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்க, மனுசன் காதைப் பொத்திக்கொண்டார்.

பஸ்ஸில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கைதடியில் எங்கள் வீட்டுக் கிணறு நினைவுக்கு வந்தது. இருபத்தாறு வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவள், அதை வெட்டியது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அதிபர் வகுப்புக்கு வந்தார். சரித்திரம் எடுப்பது யார் என்று கேட்டார். ஏழு கைகள் உயர்ந்தன. தவராசாவின் கை முதலில். அதிபர் அவனைத்தான் கேட்டார். "உனக்கென்னடா சரித்திரம்? நீ விவசாயமெண்டெல்லோ நிண்டனீ?"

"ஒட்டுசுட்டான் குளத்தை ஆர் கட்டினதெண்டு ரீச்சருக்கும் தெரியாதாம் சேர். ஆராவது தேடிப் பாக்கத்தானே வேணும்."

அதிபர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "என்ன ரீச்சர், உங்களுக்கும் தெரியாதோ?"

"ஓம் சேர், தெரியாது" என்றேன். என் வாழ்நாளில் அந்தச் சொல்லை அவ்வளவு பெருமையோடு நான் சொன்னதில்லை.