துறவிகளின் தொட்டியும் கிஸ்லேனின் கோழிகளும்

வெர்நோல் மடாலயத்தை அழித்தது யார் என்று கேட்டால் கிஸ்லேன் மொரிசே ஒரு நொடிகூடத் தயங்க மாட்டாள். வெர்நோல்காரர்கள்தான். பிரெஞ்சுப் புரட்சி செய்தது பாதி. ஏலம் விட்ட பிறகு மீதியை வண்டி வண்டியாக அள்ளிப் போய்ப் பன்றிக்கொட்டில் கட்டிக்கொண்டது இந்த ஊர். ஈஸ்டர் தொடங்கி இலை உதிரும் வரை, ஞாயிறு தவறாமல், கூரை இழந்த அந்த மடாலயத்தின் நடுமுற்றத்தில் நின்று, பாரிஸிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வந்தவர்களிடம் அவள் இதைச் சொல்லும்போது கன்னம் சிவந்துவிடும். கோபம் சிலருக்கு நல்ல நிறம் தரும்.

இப்படித் திட்டுவதில் அவளுக்கு ஒரு வசதி இருந்தது. அவள் அந்த ஊர்க்காரி இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்து, அர்மோனைக் கட்டிக்கொண்டு வந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் காரட் துருவிப் போட்டு ஓய்வும் பெற்றுவிட்டாள். ஆனாலும் ஊரைப் பொறுத்தவரை அவள் 'வெளியூர்க்காரி'. வெளியூர்க்காரிக்குத்தான் மடாலயத்தின் மேல் அவ்வளவு பாசம். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் காளான் பறிக்கப் போவதோடு சரி.

அவள் பேச்சின் உச்சம் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் வரும். தரையில் வட்டமாக ஒரு தடம். பக்கத்தில் உடைந்த கல்துண்டு ஒன்று. அதில் கன்னத்தை உப்பிக்கொண்ட ஒரு முகம். வாய் இருக்க வேண்டிய இடத்தில் துளை.

"இங்கே ஒரு தொட்டி இருந்துச்சு. சுத்திலும் இதே மாதிரி முகங்க. வாய் வழியா தண்ணி கொட்டும், துறவிகள் கை கழுவிட்டுச் சாப்பிடப் போவாங்க. எந்தப் புண்ணியவான் தூக்கிட்டுப் போனானோ! இன்னைக்கு எந்த வீட்டுல எந்தப் பிராணி அதுல வாய் வைக்குதோ!"

வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிராணி கோழி. இந்த ஆண்டு ஆகஸ்டில்தான் அது தெரிந்தது. மழையில்லை, கிணற்றுத் தண்ணீர் அடியில் கிடந்தது. கொல்லையில் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்த கோழித்தொட்டியைத் துடைத்து வைப்போம் என்று கிஸ்லேன் வெளிப்புறத்துப் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். பாசிக்கு அடியிலிருந்து ஒருவர் கன்னத்தை உப்பிக்கொண்டு அவளைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். இன்னொருவர். மூன்றாமவர் இருக்க வேண்டிய இடம் உடைந்திருந்தது. அந்த உடைப்பின் வடிவம் அவளுக்கு மனப்பாடம்.

அர்மோன் கொட்டகையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"அர்மோன், அந்தத் தொட்டி எங்கேர்ந்து வந்துச்சு?"

"அங்கதான் இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் பொறக்கல."

"உனக்குத் தெரியும்."

அர்மோன் கத்தியின் கூர்மையை நகத்தில் வைத்துப் பார்த்தார். "மடத்துக் கல்லு இல்லாத வீடு இந்த ஊர்ல ஏது? ரொட்டிக்கடை வாசப்படியில கல்லுல செதுக்கின பிஷப் பாதி படுத்திருக்காரு."

"நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தொண்டை கிழியக் கத்துறேனே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஒரு தடவையாவது நான் வந்து கேட்டேனா, சொல்லு."

வந்ததில்லை. ஞாயிறு மதியம் ஆனால் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். கலை ரசனை இல்லாத மனுஷன் என்று அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். மனைவியின் மானத்துக்காக ஒருவர் அத்தனை மீன் பிடித்திருக்கிறார்.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஊர் சிரிக்கும், மடாலயத்தில் நின்று பேச வாய் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர அவளுக்கென்று அந்த ஊரில் வேறு என்ன இருந்தது? பாசி மறுபடி வளரட்டும் என்று விட்டுவிட்டாள். பாசிக்கு அவசரமில்லை. செப்டம்பருக்குத்தான் அவசரம்.

செப்டம்பரில் நாடு முழுக்கப் பழைய கோட்டைகளையும் கோயில்களையும் திறந்துவிடும் ஞாயிறு வரும். அன்று சுற்றிக் காட்டி முடித்ததும், வந்தவர்களுக்கும் ஊருக்கும் ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லையில் ஆளுக்கொரு கோப்பை பினோ என்ற இனிப்பு ஒயின் ஊற்றுவது வெர்நோல் வழக்கம். முறைவைத்து ஒவ்வொரு வீடாக வரும். இந்த ஆண்டு மொரிசே வீட்டு முறை. போன ஆண்டு முறை தவறப் பார்த்தவரைக் கஞ்சன் என்று ஊர் நடுவில் வைத்துக் கேட்டவளே கிஸ்லேன்தான்.

தொட்டியை டிராக்டர் வைத்துத்தான் அசைக்க முடியும். டிராக்டர் வந்தால் ஊரும் கூடவே வரும். எனவே அதன் மேல் இரண்டு பலகைகளைப் போட்டு, கல்யாணத்துக்கு வந்த வெள்ளை மேசைவிரிப்பைத் தரைவரை தொங்கவிட்டு, பினோ புட்டிகளையும் மேலே கருக்கிய ஆட்டுப்பால் கேக்கையும் அடுக்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாத காரியம் என்கிறார்கள். அரைமணி நேரம் வரை முடியும்.

கோழிகளைக் கூண்டில் அடைத்திருந்தாள். அர்மோனின் தங்கை ஓதில் எதிர்வீட்டிலிருந்து வந்ததும் கண்ணில் பட்டது அதுதான்.

"என்ன அண்ணி, இந்த வெயில்ல அடைச்சுப் போட்டிருக்க? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க பாவம்!"

"இருக்கட்டும் ஓதில், விடு…"

விட்டுவிட்டாள், கோழிகளை. ஒன்பது கோழிகளும் நேராக வந்து மேசைவிரிப்புக்குள் நுழைந்தன. புட்டிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. லீல் நகரத்திலிருந்து வந்த ஒரு மேடம், மடாலயத்தில் எல்லோரையும்விட உரக்க உச்சுக்கொட்டியவள், சிரித்துக்கொண்டே குனிந்து விரிப்பைத் தூக்கினாள்.

சிரிப்பு நின்றது.

"மேடம்… இது நீங்க சொன்ன அந்தத் தொட்டிதானே?"

கிஸ்லேன் கையில் கேக் வெட்டும் கத்தி. கையும் களவும் என்பது இதுதான். ஆனால் அந்த மேடத்தின் முகத்தில் சந்தேகமே இல்லை, பரவசம்தான். "கண்டுபிடிச்சுட்டீங்களா! எங்களுக்குக் கடைசியில காட்டணும்னு மூடி வெச்சிருந்தீங்க, இல்லையா?"

கிஸ்லேன் ஊரைப் பார்த்தாள். ஊர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள்.

வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பாள். ரொட்டிக்கடை ஃபிர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாங்க, ஊரே சேர்ந்து ரகசியமா வெச்சிருந்தோம்," என்றார். தபால்காரர் தலையாட்டினார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அவளிடம் திருட்டுப் பட்டம் வாங்கியவர்கள், முட்டுக் கொடுத்துச் சுவரைத் தாங்குவதுபோல் அவள் பொய்யைத் தாங்கினார்கள். சிரித்திருந்தால் அவள் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு ஓதில் கோப்பைகளைக் கழுவிக்கொடுத்தாள்.

"உனக்கும் தெரியுமா?" என்றாள் கிஸ்லேன்.

"சின்ன வயசுல அந்த மூஞ்சிங்களுக்கு நானும் அண்ணனும் பேரே வெச்சிருந்தோம். மூக்கு உடைஞ்சது பாதிரியார்."

"எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க."

"முதல் வருஷம் சிரிச்சோம். அப்புறம் பாவமா இருந்துச்சு."

கிஸ்லேன் துணியைக் கீழே வைத்தாள். "நாளைக்கே மடத்துல கொண்டுபோய் வெச்சிடப் போறேன்."

"வேணாம் அண்ணி." ஓதில் பதறினாள். "நீ குடுத்தா நாங்களும் குடுக்கணும். ஃபிர்மேன் படிக்கட்டுக்கு எங்க போவாரு? எங்க வீட்டு அடுப்படியைப் பேத்தா மாடியே கீழ வந்துரும்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, நல்ல மனதோடுதான், சொன்னாள்: "இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் நீ எங்க ஊர்க்காரி."

இதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு மடாலயத்தில் வெளியூர்க்காரர்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள், முதல் முறையாக. ஃபிர்மேனும் மனைவியும், ஓதில், சலவைச் சட்டை போட்ட அர்மோன். கிஸ்லேன் நடுமுற்றத்தைக் கடந்தாள். தூண்களைப் பற்றிச் சொன்னாள். புரட்சியைப் பற்றிச் சொன்னாள், வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே. பிறகு தரையிலிருந்த வட்டத் தடத்தின் முன் வந்து நின்றாள்.

"இங்கே…" என்றாள்.

வாய் திறந்தது. அந்தப் புண்ணியவான் வரவில்லை. அவர் பெயர் மொரிசே என்று தெரிந்தபின் எப்படி வருவார்? பின்னால் நின்ற ஊர் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டது. முன்னால் நின்ற பெல்ஜியக்காரர் ஒருவர், துறவிகளுக்கான மௌன அஞ்சலி இது என்று எண்ணித் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். கிஸ்லேன் கல்துண்டைப் பார்க்காமல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்தது சாப்பாட்டுக்கூடம்," என்றாள் கடைசியில். "படி வழுக்கும், பார்த்து வாங்க."